நாலாங்கட்டையில் எடுத்த படம்

கித்தா என்கிற ரப்பர் மரம் வருஷத்தில் ஒரு தடவைதான் சிவக்கும். தை முடிந்து மாசி பிறக்கிற சமயத்தில் மழை நின்று வெயில் ஏறும். அந்த இரண்டு மூன்று வாரத்தில் இலையெல்லாம் பழுத்துச் செம்பு நிறமாகிக் கொட்டிவிடும். பால் வெட்டிய காலத்தில் எங்களுக்குப் பிடிக்காத மாதம் அது. பால் வடிகிற மங்கு நிறையாது. காலடியில் சருகு நொறுங்குகிற சத்தத்தில் பாம்பு ஊர்வது கேட்காது. இப்போது அதே சருகுக்காகக் கல்யாண ஜோடிகள் ஈப்போவிலிருந்து காரில் வருகிறார்கள். கொரியா மாதிரி இருக்கிறதாம்.

நாலாங்கட்டைத் தோட்டம் கோப்பெங் தாண்டி உள்ளே இருக்கிறது. கித்தாவை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டு இருபது வருஷம் ஆகிறது. முனியாண்டி கோயிலுக்குப் பின்னால், மேட்டில், இரண்டு ஏக்கர் அளவு மட்டும் பழைய மரங்கள் நிற்கின்றன. சாமிக்குப் பக்கத்தில் ரம்பம் வைக்க எந்தக் குத்தகைக்காரனுக்கும் தைரியம் வரவில்லை.

அந்த இடத்தைத் தர்மேந்திரனுக்குக் காட்டியது நான்தான். குனோங் ராபாட்டில் எனக்கு அடுத்த வீடு அவனுக்கு. எட்டு வருஷமாக மண்டபத்துக் கல்யாணங்களைப் படம் பிடித்தவன். இப்போது மண்டபத்துக்குள் எடுத்த படம் யாருக்கும் வேண்டாம்; மரம், ஆறு, மலை வேண்டும், எல்லாம் நேச்சுரலாக இருக்க வேண்டும். ஆனால் இதற்கு முன் வெளியில் எடுத்த படம் எங்கே என்று கேட்கிறார்கள். எடுத்தால்தானே காட்ட முடியும்? அதனால் தங்கச்சி தினேஸ்வரியைப் பெண்ணாகவும், கூட்டாளி தனேஷை மாப்பிள்ளையாகவும் வேஷம் கட்டி, காட்டுவதற்கு என்று ஒரு கல்யாணம் எடுக்க முடிவு செய்தான்.

நான் வாரத்தில் ஆறு நாள் சிம்பாங் பூலாய் கல்லுடைப்பில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வேனை ஓட்டுவேன். போன இடத்தில் வெளிச்சத்தைத் திருப்புகிற வெள்ளித் தட்டைத் தூக்கிப் பிடிப்பேன்.

"அண்ணே, தட்ட இன்னும் கொஞ்சம் மேல. ஆ, அங்கயே. ஆடாதீங்க."

"கை கடுக்குதுலா தம்பி. நேத்து முழுக்கக் கல்லு ஏத்துனேன்."

"ரெண்டே நிமிசம்ணே."

"எங்கண்ணன் ரெண்டு நிமிசம்னா நீங்க சாப்பாட்ட மறந்துர வேண்டியதுதான்," என்றாள் தினேஸ்வரி. சிவப்புப் பட்டுப் புடவையில், காலில் ரப்பர் ஜப்பான் சிலிப்பரோடு நின்றாள். படத்தில் கால் தெரியாது. "டேய் தனேஷ், வேர்க்குது பாரு, தொடைச்சுக்க. மூஞ்சியில பவுடர் கோடு கோடா ஓடுது."

"ஒனக்கென்ன, நீ நின்னா போதும். நாந்தானே கட்டுறேன்."

"காரு பெயிண்ட் அடிக்கிற கை, இப்படியா நடுங்கும்?"

காலை ஏழு மணியிலிருந்து அவன் ஏழு தடவை தாலி கட்டிவிட்டான். மரத்தடியில், சருகு மேல் உட்கார்ந்து, நின்று, மேலே ட்ரோன் பறக்க. எல்லாம் கடையில் வாங்கிய பொம்மைத் தாலிச் சங்கிலி. ஒவ்வொரு தடவையும் தினேஸ்வரியே தலை வழியாகக் கழற்றி அவன் கையில் கொடுப்பாள். ஏழாவது தடவை கொடுக்கும்போது, "இந்தா, அடுத்த பொண்டாட்டிக்கு," என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

தர்மேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "சங்கிலி மினுங்குதுண்ணே. பிளாஸ்டிக் மாதிரி தெரியுது. இவ்ளோ இயற்கையான எடத்துல அது மட்டும் பொய்யா நிக்கிது." கொஞ்ச நேரம் யோசித்தான். "மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கு கட்டுவாங்கள்ல, அந்தக் காலத்துல. அது இந்த எலைக்கு எடுப்பா இருக்கும். கோப்பெங்ல கெடைக்குமா?"

நான்தான் வேனை எடுத்துப் போய் வாங்கிவந்தேன்.

திரும்பி வந்தபோது கோயிலில் சன்னாசி பூசாரி உச்சி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்தில் மிஞ்சிய ஒரு லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேர் வருவதைப் பார்த்து வாசலுக்கு வந்தார். என் கையில் இருந்த கயிற்றையும் கிழங்கையும் பார்த்தார்.

"யாருடா பிச்ச, பொண்ணு?" என்றார் என்னிடம்.

"பக்கத்து வீடு, சாமி."

"பெத்தவங்க வரலியா?"

"ரெண்டு பேரும் இல்ல சாமி. செத்துப் போயிட்டாங்க. அண்ணன்தான்."

"அதான் இங்க கூட்டியாந்தியா. நல்லது. மண்டபம் எதுக்கு? இங்க கட்டுனது எதுவும் கெட்டுப் போனதில்ல."

அவர் என்ன நினைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதே புரிந்தது. கையில் காசில்லாத தோட்டத்து ஜனங்கள் கல்யாணம் செய்துகொண்டது இப்படித்தான்: முனியாண்டி முன்னால், ஒரு மஞ்சள் கயிறு, ஒரு மணி. கேமரா இருப்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கல்யாணத்தில் இப்போது கேமரா இல்லை? நான் சொல்ல வாயைத் திறந்தேன். தர்மேந்திரன் தோளை அழுத்தினான்.

"சொல்லாதீங்கண்ணே," என்றான் காதுக்குள். "சொன்னா அவரும் நடிக்க ஆரம்பிச்சிருவாரு. இப்ப மூஞ்சி எப்படி இருக்கு பாருங்க. இந்த மூஞ்சி கெடைக்காது."

வாயை மூடிக்கொண்டேன். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பசி. முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்ற எண்ணம்தான் இருந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

சன்னாசி கயிற்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்தார். கிழங்கைக் கட்டி முனியின் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். சாம்பிராணிப் புகை மேலே எழுந்து வெயிலில் சாய்ந்து நின்றது. கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தனேஷ் கையில் கொடுத்தார். "மணிய அடிடா," என்றார் என்னிடம். தட்டைக் கீழே வைத்துவிட்டு அடித்தேன்.

தனேஷ் ஒரு முடிச்சுப் போட்டான்.

"கூடப் பொறந்தவ யாரும் இல்லியா? சரி, மத்த ரெண்டையும் நீயே போடு."

அதையும் போட்டான். புகை பட்டுத் தினேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் கட்டி ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. தர்மேந்திரன் முழங்காலில் உட்கார்ந்து மூச்சு விடாமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

வேனில் ஏறியதும் அவள் கழுத்தைச் சொறிந்தாள். "அரிக்குதுண்ணே. இது தலை வழியா வரல." நனைந்த முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பியும் அவிழவில்லை. நான் டாஷ்போர்டில் கிடந்த கத்தியை நீட்டினேன். அவளே அறுத்தாள். காலையில் நாசி லெமாக் சோறு சாப்பிட்ட காகிதங்களோடு பைக்குள் போட்டு, கோப்பெங் சந்திப்பில் இருந்த குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தோம்.

*

படம் செவ்வாய்க்கிழமை போனில் வந்தது. தர்மேந்திரன் எனக்கும் அனுப்பினான். சிவந்த சருகு, புகை, பூசாரியின் கை, அந்த ஒரு சொட்டுக் கண்ணீர். அது நடிப்பு என்று தெரிந்த எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. படத்துக்குக் கீழே அவன் கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் போட்டிருந்தான்.

புதன்கிழமை காலை ஹுசைன் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தினேஸ்வரி வேலைக்குப் போகிற வழியில் பால் ஊற்றாத தே ஓ வாங்க வந்தாள். பல் கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறாள். ஹுசைன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா தினா, கல்யாணத்த முடிச்சிட்டு ஒரு வார்த்த சொல்லலியே?"

"பாய், அது வெளம்பரம்!"

"வெளம்பரமா? என் சம்சாரம் ஜைனப் பாத்துட்டு அழுதுச்சுலா. தாயில்லாப் புள்ள, கோயில்ல வச்சுக் கட்டிக்கிட்டா பாருங்கன்னு."

"சம்பல் காரமா இருந்திருக்கும் பாய்."

"சிரிக்காதம்மா. எனக்குத் தெரியும், சரி. பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

தர்மேந்திரன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் பிடித்தாகிவிட்டது. எல்லாருக்கும் அதே இடம், அதே புகை, இலை கொட்டி முடிவதற்குள் வேண்டும்.

தினேஸ்வரிக்குப் பங்குனியில் நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை சசிதரன், கோப்பெங்கில் லாரி வைத்திருக்கும் பழனியப்பனின் மகன். பல் பிடுங்க வந்த இடத்தில் பழக்கம். இரண்டு வருஷம் பொறுத்து அவன் வீட்டைச் சம்மதிக்க வைத்திருந்தாள். படம் எடுக்கப் போவது சசிதரனுக்கு முன்பே தெரியும். 'புடவை நல்லா இருக்கு' என்று எழுதியும் அனுப்பியிருந்தான். அதனால் அவள் பயப்படவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் காளியம்மா வந்தாள்.

தனேஷின் அம்மா. ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை. அந்தச் சீருடையை மாற்றிவிட்டு நல்ல புடவை கட்டி, தட்டில் பூ, பழம், ஒரு பச்சைப் புடவையோடு வாசலில் நின்றாள். நான் வேலை விட்டு வந்து கல்தூசி போகக் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு எல்லாம் கேட்கும்.

"உள்ள வாங்க அத்தை," என்றாள் தினேஸ்வரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வாரேன்மா. வெளக்கேத்துனியா?"

"என்னா அத்தை, தட்டெல்லாம்?"

"மருமவளப் பாக்க வெறுங்கையோடயா வரது?"

தினேஸ்வரி சிரித்தாள். காளியம்மா சிரிக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். கோவப்படலம்மா. நானும் அவரும் அதே முனியாண்டி முன்னாலதான் கட்டிக்கிட்டோம். அதே மணிதான். சன்னாசியோட அப்பாதான் கயிறு எடுத்துக் குடுத்தாரு. நேத்து ஒரு நர்சு போன்ல காட்டுச்சு, ஒம் மவன் தானேன்னு. ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு."

"அத்தை, அது நடிப்பு. எங்கண்ணன் கடைக்கு. தனேஷ் சொல்லலியா?"

"சொன்னான். வெளயாட்டுன்னான். சாமி முன்னால என்னாடி வெளயாட்டு? சன்னாசிய நான் போயிக் கேட்டேன். பூச போட்டுக் குடுத்தேங்கறாரு. மூணு முடிச்சும் விழுந்துச்சுங்கறாரு." குரல் இறங்கியது. "கழுத்துல காணமே. எங்க வச்சிருக்க?"

 தர்மேந்திரன் வீட்டில் இல்லை. நான் குழாயை அடைத்துவிட்டு நின்றேன்.

"அவுக்க வரல அத்தை. அறுத்துட்டோம்."

தட்டு மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. 

"எம் மவன் உசுரோட இருக்கான்டி," என்றாள் காளியம்மா. அவள் கத்தவில்லை. "உசுரோட இருக்கறவன் தாலிய அறுத்துட்டியே. எனக்கு அவன் ஒருத்தன்தான்டி இருக்கான்."

*

காளியம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் புருஷன் நாற்பது வயதில் லாரிக்கு அடியில் போனவன். அந்தப் பயத்தோடுதான் இத்தனை நாள் வாழ்ந்தாள். சனிக்கிழமை தனேஷ் கேமரன் மலை ரோட்டில், கல்லு லாரி சிந்திய மணலில் மோட்டார் சறுக்கி விழுந்தான். முழங்கை சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அந்த ரோட்டில் வாரத்துக்கு நாலு பேர் விழுவார்கள். ஆனால் காளியம்மாவுக்கு அது போதும். வியாழக்கிழமை ராத்திரியிலிருந்தே அவள் சோறு சாப்பிடவில்லை. தண்ணீரும் தே ஓவும் மட்டும்.

ஞாயிறு காலை, அன்றைய ஜோடியைப் படம் எடுக்க நாங்கள் கிளம்பும்போது தனேஷ் கட்டுப் போட்ட கையோடு வந்தான். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தினா, ஒரு கயிறுதானே. சும்மா போட்டுக்க. உள்ள தள்ளிக்கிட்டா யாருக்குத் தெரியும்? அம்மா சாப்பிடட்டும். அப்பறம் கழட்டிரலாம்."

"எப்ப கழட்டலாம்?"

அவன் கைக்கட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இல்ல, சொல்லுடா. ஒங்கம்மா எப்ப சரின்னு சொல்லும்? எந்த வருசம்?"

"அம்மா மூணு நாளா சாப்பிடல தினா."

"அதுக்கு நான் என்னா செய்வேன்? எங்கம்மா இருந்திருந்தா அதுவும் பட்டினி கெடக்கும். ரெண்டு பேருக்கும் சரியாப் போயிருக்கும்."

வேனில் ஏறியதும் தினேஸ்வரி அண்ணனிடம் சொன்னாள், படத்துக்குக் கீழே 'நடிப்பு' என்று ஒரு வார்த்தை போடச் சொல்லி. தர்மேந்திரன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தான்.

"போடலாம்லா. ஆனா நடிப்புன்னு போட்டா யாரு நம்பி வருவா? அது நெசம்னு நெனச்சுத்தானே கூப்புடுறாங்க. இந்த எல கொட்டி முடியட்டும் தினா. ரெண்டு வாரம். எடுத்துர்றேன்."

"ரெண்டு நிமிசம் மாதிரியா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுகிற வேலைக்கு அவள் இஷ்டப்பட்டும் வரவில்லை. வீட்டில் தனியாக இருந்தால் காளியம்மா வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

திங்கள்கிழமை பழனியப்பன் போன் செய்தார். நர்சு காட்டிய படம் அவர் வீட்டுக்கும் போயிருந்தது. மகன் சொல்வதை நம்புகிறேன், ஆனால் ஊர் கேட்கிறது, பூசாரி வாயால் அது கல்யாணம் இல்லை என்று வந்துவிட்டால் போதும் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலாங்கட்டைக் கோயிலுக்கு வரச் சொன்னார்.

அன்று நான் அரை நாள் லீவு போட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மரங்கள் பாதிக்கு மேல் மொட்டையாக நின்றன. கோயில் முன்னால் சிமெண்டுத் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தோம். பழனியப்பன், சசிதரன், தர்மேந்திரன், தினேஸ்வரி, தனேஷ். காளியம்மா தூணில் சாய்ந்திருந்தாள். எட்டு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

பழனியப்பன் தொடங்கினார். "சாமி, இந்தப் புள்ளைங்க படம் எடுக்கறதுக்காக நடிச்சிருக்காங்க. ஒங்களுக்குத் தெரியாம நடந்து போச்சு. அது கல்யாணம் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..."

சன்னாசி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தினேஸ்வரியைப் பார்த்தார்.

"நீங்க நடிச்சீங்க. நான் நடிக்கலியே ஆத்தா."

எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தள்ளி நின்னுருப்பேன். சும்மா கையால எடுத்துக் குடுத்துருப்பேன். இத அவரு காலடியில வச்சேனே." முனியாண்டியின் பக்கம் தலையை ஆட்டினார். "வச்சத எப்படி வைக்கலன்னு சொல்றது? டேய் பிச்ச, மணி அடிச்சது நீதானே?"

"ஆமா சாமி."

"ஒனக்குத் தெரியுமா, இது நடிப்புன்னு?"

"தெரியும்."

"நான் கேட்டப்ப ஏண்டா சொல்லல?"

பசி என்று எப்படிச் சொல்வது? தர்மேந்திரன் தலையைக் குனிந்திருந்தான். அவன் சொல்லாதே என்றான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் வேனை ஓட்ட வேண்டும்.

"கட்டுன தாலிய எறக்கறதுக்கு வழி இல்லியா சாமி?" என்றார் பழனியப்பன்.

"ஒரு வழிதான் இருக்கு. புருசன் போனவளுக்கு ஆத்தங்கரையில செய்யறது. அத உசுரோட இருக்கறவன் முன்னால நான் செய்ய மாட்டேன்." தனேஷ் பக்கம் திரும்பினார். "கட்டுனவன் சொல்லட்டும். வெளயாட்டுக்குக் கட்டுனேன்னு முனி முன்னால அவன் சொன்னா, அது அவனுக்கும் அவருக்கும் உள்ளது. நான் வெலகிக்கறேன்."

தினேஸ்வரி நிமிர்ந்தாள். முகம் தெளிந்தது. தனேஷ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மையும் அதுதான். நாங்கள் எல்லாரும் அவனைப் பார்த்தோம்.

தனேஷ் அம்மாவைப் பார்த்தான். காளியம்மா கண்ணைத் திறக்கவில்லை. சேலை நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மனசோடதான் கட்டுனேன்," என்றான் தனேஷ்.

"டேய்," என்றாள் தினேஸ்வரி. "டேய், என்னப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை.

அவள் எழுந்துவிட்டாள். "அன்னைக்கி ஏழு தடவ கட்டுனான். ஏழு தடவயும் நானே கழட்டி அவன் கையில குடுத்தேன். அப்பல்லாம் யாரும் என்னைய அறுத்தவன்னு சொல்லல. எட்டாவது தடவ கட்டுனதும் அவன்தான், அறுத்ததும் நாந்தான். நடுவுல கல்யாணம் எங்க இருந்துச்சு? யாராச்சும் எங்கிட்ட கேட்டீங்களா? சாமிதான் கேட்டுச்சா?"

"ஆத்தா, அப்படியெல்லாம் பேசக்கூடாது," என்றார் சன்னாசி. அவர் குரலிலும் வருத்தம்தான் இருந்தது.

பழனியப்பன் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரிப்பா தர்மா. நீங்க உங்களுக்குள்ள இத ஒரு வழி பண்ணிட்டுச் சொல்லுங்க. நாங்க எங்கயும் போயிரல." கார் சாவியை எடுத்தார். சசிதரன் எழுந்து இரண்டடி வைத்தான். நின்றான். தினேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி கூப்புடறேன் தினா," என்றான்.

காரின் பின்னால் செம்மண் புழுதி எழுந்து அடங்கியது. அதற்குள் காளியம்மா தனேஷ் கையால் ஒரு வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

*

சசிதரன் கூப்பிட்டான். அப்பாவைக் கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாம் என்றானாம். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. "கேட்டா அவரும் ரெண்டு வாரம்னுதான் சொல்லுவாரு," என்றாள் என்னிடம், துணி காயப்போட்டுக்கொண்டே.

"நீ என்னா செய்யப் போறே?"

"வேலைக்குப் போறேன், வாரேன். வேற என்னாண்ணே செய்யறது? அந்தக் கயித்த மறுபடி கட்ட மாட்டேன். அது மட்டும் தெரியும்."

காளியம்மா மறுபடியும் தட்டோடு வரவில்லை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் நாலு முழம் பூவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இவர்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவாள். தினேஸ்வரி அதை எடுத்து உள்ளே கொண்டு போகவும் இல்லை, எறியவும் இல்லை. வெயிலில் வாடிப் பைக்குள் வியர்த்துக் கிடக்கும். மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். கிளினிக்கில் ஒரு பெண், கல்யாணம் ஆனதைப் பதிவு செய்ய வேண்டாமா, லீவு கிடைக்குமே என்று கேட்டாளாம்.

கடைசி ஞாயிறு மேட்டில் இலை முழுவதும் கொட்டி, கிளை நுனியில் துளிர் வர ஆரம்பித்திருந்தது. தர்மேந்திரன் ஒரு மரம் விடாமல் அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்டான். தரையில் மட்டும் சருகு இருந்தது. கேமராவைக் கீழே நோக்கி வைத்தால் போதும் என்றான். கோயில் பக்கம் சன்னாசி விடவில்லை. அதனால் புகைக்கு ஒரு தகர டின்னில் சாம்பிராணி வைத்துக்கொண்டோம்.

அன்றைய பெண் பத்து காஜா ஊரிலிருந்து வந்திருந்தாள். சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். சிவப்புப் புடவைதான் வேண்டும் என்று அதே சிவப்பில் எடுத்திருந்தாள். மரத்துக்குப் பின்னால் துணி கட்டிய மறைப்பில் தினேஸ்வரி அவளுக்குக் கொசுவம் வைத்தாள். நானும் தர்மேந்திரனும் இந்தப் பக்கம் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?" என்றாள் அந்தப் பெண். "வந்ததுலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நீங்களேதான்! அந்த அழுக இருக்கே, அதப் பாத்துத்தான் எங்க ஆளுகிட்ட இந்த எடம்தான் வேணும்னு அடம் புடிச்சேன். ஒங்க வீட்டுக்காரு வரலியா?"

 தர்மேந்திரன் லென்ஸைத் துடைப்பதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தி, சிரிப்பும் சேர்த்து, "வேலைக்குப் போயிருக்காரும்மா. கார் பெயிண்ட் வேல, ஞாயித்துக்கெழமையும் விட மாட்டாங்க," என்றான்.

"ஐயோ, பாவம்லா."

நான் துணியின் விளிம்பு வழியாகப் பார்த்தேன். தினேஸ்வரி தரையில் முழங்கால் போட்டிருந்தாள். வாயில் இரண்டு ஊக்கு. அண்ணன் குரல் வந்த பக்கமே திரும்பியிருந்தாள். அவள் எழுந்து வந்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். வெளியில் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் வாயிலிருந்து ஓர் ஊக்கை எடுத்தாள். கொசுவத்தை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து இடுப்பில் செருகி, குத்தினாள்.

"அக்கா, ரொம்ப இறுக்குது."

"இறுக்கத்தான் செய்யும்," என்றாள் தினேஸ்வரி. "மூச்ச விடாத. இன்னும் ஒண்ணு இருக்கு."